விசிறி குளிர் தருகிறதா?

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை. உங்கள் ஆசிரியரிடம் கேட்டு ஒரு வெப்பமானியை வாங்கிக்கொள்ளுங்கள். கூரை விசிறி உள்ள ஓர் அறையில், விசிறியை நிறுத்திவிட்டு, வெப்பமானியை மேசைமீது வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 33 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விசிறியை முழு வேகத்தில் சுழல விடுங்கள். பத்து நிமிடம் சென்றபின் வெப்பமானி எவ்வளவு காட்டும்?

'30', '28' என்று விடைகள் பறந்து வரும். என் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்கும் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் வெப்பமானியோ கிட்டத்தட்ட அதே 33 டிகிரியைத்தான் காட்டும். வெயில் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையானால், கூரையை ஒட்டி நின்ற சூடான காற்று கீழே இறங்கி, அளவு சற்றுக் கூடினாலும் வியப்பதற்கில்லை!

அப்படியானால் விசிறிக்கு அடியில் நமக்கு மட்டும் ஏன் குளுமையாக இருக்கிறது? வெப்பமானியின் குமிழ்மீது ஈரத்துணி ஒன்றைச் சுற்றிவிட்டு மீண்டும் விசிறியைச் சுழல விடுங்கள். இம்முறை அளவு மளமளவென்று இறங்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைக் குமிழிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் உடலில் வியர்வை செய்வதும் இதே வேலைதான். ஆகவே நம்மைக் குளிர்விப்பது வியர்வை. விசிறி அதற்கு உதவி செய்கிறது, அவ்வளவே.

சரி, இயந்திரத்துக்கு வியர்ப்பதில்லையே! பின் கணிப்பொறிகளுக்குள்ளும் அவற்றை இணைக்கும் கருவிகளுக்குள்ளும் விசிறிகள் எதற்காக?

பூட்டிய அலமாரி

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையின் ஒரு மூலையில் தட்டையான இரும்புப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி. பக்கத்தில் மினுக் மினுக்கென்று பச்சை விளக்குகள். இதற்கு 'நெட்வொர்க் ஸ்விட்ச்' என்று பெயர். விளக்குப் போடும் ஸ்விட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தி எந்தக் கணிப்பொறிக்குப் போகவேண்டும் என்று முகவரி பார்த்து அனுப்பிவைக்கும் தபால் அலுவலகம் இது. இது நின்றால் அறையிலுள்ள அத்தனை கணிப்பொறிகளும் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஊமையாகிவிடும்.

எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு பெட்டி என் வகுப்பறையை ஒட்டிய அறையில் இருந்தது. அதனுள் இருந்த சிறு விசிறிகள் நாள் முழுவதும் 'ஙொய்' என்று இரைந்துகொண்டே இருக்கும். பாடம் நடத்த இடைஞ்சலாக இருக்கிறதென்று, ஒரு டிசம்பர் மாதத்தில் அதை மர அலமாரி ஒன்றுக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். சொன்னவன் நான்தான், இயற்பியல் கற்பிப்பவன்! பெட்டியும் மூன்று நான்கு மாதங்கள் பிழையின்றி ஓடியது. நானும் அதை மறந்துவிட்டேன்.

ஏப்ரல் வந்தது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கணிப்பொறி அறையில் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள். பகல் 12 மணியளவில் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றன. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் போட்டோம். பத்து நிமிடம் ஓடிற்று, நின்றது. மீண்டும் போட்டோம், மீண்டும் நின்றது. மூன்றாம் முறை நின்றபோதுதான் அலமாரியின் நினைவு வந்தது. கதவைத் திறந்தால், செங்கல் சூளையின் வாயருகே நின்றாற்போல் வெப்பம் முகத்தில் அறைந்தது. பெட்டியின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. ஆனால் விசிறிகளோ என்றுமில்லாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன!

"விசிறி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன் சூடாகுது?" என்றார் உதவியாளர். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி சொன்னாள்: "சார், இது வெளிய விடற காத்தையே இதுதானே மறுபடியும் உள்ள இழுத்துக்குது?"

அவள் சொன்னதுதான் முழு விடை. அது ஏன் விடையாகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

மின்சாரம் எங்கே போகிறது?

நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று 100 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். அதாவது, வினாடிக்கு 100 ஜூல் ஆற்றல் அதற்குள் நுழைகிறது. ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் நுழைந்த ஆற்றல் எங்கே போகிறது? அந்தப் பெட்டி நீர் இறைப்பதில்லை, சுமை தூக்குவதில்லை. கம்பிகள் வழியே செல்லும் செய்திக் குறிகள் எடுத்துச் செல்லும் ஆற்றலோ மிகச் சொற்பம். ஆகவே அந்த 100 ஜூலும் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. சூடாக்குவதற்காகவே செய்யப்பட்ட 100 வாட் அடுப்பு எவ்வளவு வெப்பம் தருமோ, அவ்வளவு வெப்பத்தை இதுவும் தருகிறது!

கம்பியில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பம் அம்மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-இல் வெளியிட்டார். ஸ்விட்சுக்குள் உள்ள சிலிக்கன் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அப்போது ஒரு துளி வெப்பம் பிறக்கிறது. துளி சிறியதுதான், ஆனால் கோடியைக் கோடியால் பெருக்கிப் பாருங்கள்.

இது புதிய தொல்லையும் அன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1946-இல் உலகுக்கு அறிமுகமான 'எனியாக்' என்னும் கணிப்பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை விழுங்கிற்று. அவ்வளவும் வெப்பமே! அதை வெளியேற்றப் பெரிய காற்றூதிகளைப் பொருத்த வேண்டியிருந்தது. கணிப்பொறி பிறந்தபோதே விசிறியும் உடன்பிறந்துவிட்டது எனலாம்.

காற்றுப் போர்வை

சூடான பொருளைச் சுற்றிக் காற்று இருக்கிறதே, வெப்பம் தானாகவே அதில் போய்விடாதா? போகும், ஆனால் மிக மெதுவாக. காற்று ஓர் அரிதிற் கடத்தி. தூய அலுமினியம், அசைவற்ற காற்றைப்போல் ஏறத்தாழ 9,000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பது எதனால்? அதன் இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்றினால்தான். சூடான சில்லின்மீது ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலமும் அப்படிப்பட்ட ஒரு கம்பளிதான். மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடச் சொன்னால் நம் கதி என்னவாகும்?

இதற்கு இரண்டு வழிகளைப் பொறியியலார் கையாளுகிறார்கள். முதலாவது, பரப்பைக் கூட்டுவது. புளியோதரை கிளறும் முன் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலக் கட்டை விரல் நகமளவே உள்ள சில்லின்மீது, சீப்பின் பற்களைப்போல் வரிசையாகத் தகடுகள் கொண்ட அலுமினியத் துண்டு ஒன்றை ஒட்டுகிறார்கள். இதை 'ஹீட் சிங்க்' என்பார்கள். வெப்பம் அத்தகடுகள் முழுவதும் பரவுகிறது. இரண்டாவது வழி, போர்வையை உருவி எறிவது. அதைச் செய்வதுதான் விசிறி. தகடுகளை ஒட்டி நிற்கும் சூடான காற்றை அது அடித்துக்கொண்டு போகிறது. அவ்விடத்துக்குப் புதிய காற்று வருகிறது.

ஆக, இயந்திரத்தின் விசிறி குளிரைத் தருவதில்லை. வெப்பம் வெளியேற வழி செய்து தருகிறது. இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு சிறு கணக்கு

ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரு ஜூல் வேண்டும். நினைவில் வைக்க எளிய எண். நம் ஸ்விட்ச் வினாடிக்கு 100 ஜூல் வெப்பம் தருகிறது. உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடாகி வெளியேற வேண்டுமானால், ஒரு கிராம் காற்று 10 ஜூலை எடுத்துச் செல்லும். அப்படியானால் வினாடிக்கு 10 கிராம் காற்று போதும். இதன் பருமன் சுமார் 8½ லிட்டர். ஒவ்வொரு வினாடியும் ஒரு சிறு வாளியளவு காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

காற்றை இரு மடங்காக்கினால்? சூடேற்றம் 5 டிகிரியாகும். நான்கு மடங்காக்கினால் 2½ டிகிரி. எத்தனை மடங்காக்கினாலும் சூடேற்றம் சுழியாகாது. அதாவது, எவ்வளவு பெரிய விசிறியைப் பொருத்தினாலும் சில்லின் வெப்பநிலை, நுழையும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகவே போகாது. அதிலும் விசிறியின் வேகத்தை இரு மடங்காக்கினால், அதற்கு வேண்டிய மின்திறன் இரு மடங்கல்ல, 2-இன் மும்மடி, அதாவது 8 மடங்கு ஆகிறது! இரைச்சலும் ஏறுகிறது. அதனால்தான் நல்ல கருவிகளில் ஒரு வெப்ப உணரி இருக்கும். குளிர்ந்த வேளையில் விசிறி மெதுவாகச் சுழலும். சூடு ஏற ஏற வேகமும் ஏறும்.

இப்போது என் அலமாரிக்கு வருவோம். அதன் உயரம் ஒரு மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர், ஆழம் 50 சென்டிமீட்டர். உள்ளே அடங்கும் காற்று 300 லிட்டர். நிறை ஏறத்தாழ 350 கிராம். கதவு மூடியிருந்தால் அக்காற்று ஒரு டிகிரி சூடேற வேண்டியது 350 ஜூல். 100 வாட் கருவி அதை மூன்றரை வினாடியில் தந்துவிடும். 10 டிகிரி ஏற 35 வினாடி! உண்மையில் அலமாரியின் மரமும் பெட்டியின் இரும்பும் வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்வதாலும், இடுக்குகளில் காற்று கசிவதாலும் இவ்வளவு விரைவாக ஏறாது. ஆனால் டிசம்பரில் தப்பித்த பெட்டி ஏப்ரலில் ஏன் மயங்கி விழுந்தது என்பது விளங்குகிறதல்லவா? அறையின் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால், சில்லின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தே தீரும். விசிறி சூடான காற்றை வெளியே தள்ளிற்று. ஆனால் அந்த 'வெளியே' என்பது மூடிய அலமாரி! தள்ளிய காற்றே திரும்பி வந்தது.

வெப்பம் என்ன கெடுதல் செய்யும்?

குறைகடத்திகளில் வெப்பநிலை ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும். கசிவு கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் கசிவு இன்னும் கூடும். இந்த வட்டம் முற்றினால் சில்லு கருகிவிடும். அதைத் தடுக்கவே, ஓர் எல்லைக்கு மேல் சூடு ஏறினால் பல கருவிகள் தாமாகவே நின்றுவிடுமாறு செய்யப்பட்டிருக்கின்றன. எங்கள் பெட்டி நின்றுபோனதும், சற்று ஆறியபின் பத்து நிமிடம் ஓடியதும் இதனால்தான். அது பழுதாகவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கெடுதலும் உண்டு. மின்வழங்கிப் பகுதியில் சிறு உருளை வடிவில் மின்தேக்கிகள் இருக்கும். அவற்றுள் மின்பகுளி என்னும் திரவம் உண்டு. வெப்பத்தில் அது சிறிது சிறிதாக வற்றும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரு மடங்காகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் ஒரு தோராய விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, 65 டிகிரியில் 16 மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் உழைக்கும். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். அதையே 75 டிகிரியில் வைத்தால் இரண்டு ஆண்டுகூடத் தாங்காது. விசிறி காப்பது இன்றைய வேலையை மட்டுமன்று, கருவியின் வாழ்நாளையும்தான்.

காவலனுக்கும் ஒரு காவல்

நெட்வொர்க் ஸ்விட்ச்சில் ஓயாமல் அசையும் உறுப்பு விசிறி ஒன்றே. அசைவதே முதலில் தேயும். தூசி படியும், தாங்கியில் எண்ணெய் வற்றும். ஆகவே விசிறியையும் யாரேனும் கவனிக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இத்தகைய விசிறிகளில் இதழ்களோடு சேர்ந்து ஒரு காந்த வளையம் சுழல்கிறது. அருகே ஹால் உணரி என்னும் சிறு உறுப்பு உள்ளது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி, காந்த முனை கடந்து செல்வதை அது உணர்ந்து, கம்பிச் சுருள்களில் மின்னோட்டத்தை மாற்றிவிட்டுச் சுழற்சியைத் தொடரச் செய்கிறது. அதே குறியைத் தனிக் கம்பி ஒன்றின் வழியே வெளியேயும் அனுப்பலாம். பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள். வினாடிக்கு 100 துடிப்புகள் வந்தால், விசிறி வினாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல்கிறது என்று பொருள். துடிப்பு குறைந்தால் கருவி எச்சரிக்கை விளக்கை எரியவிடும். பெரிய கருவிகளில் தேவைக்கு மேல் ஒரு விசிறி கூடுதலாகவே இருக்கும். ஒன்று நின்றால் மற்றவை வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும்; நின்றதைக் கருவி ஓடும்போதே கழற்றி மாற்றலாம்.

கைமாறும் வெப்பம்

பெட்டியை விட்டு வெப்பம் வெளியேறினால் போதுமா? அது அறைக்குள் வந்து சேர்கிறது. நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள தரவு மையங்களில், குளிரூட்டும் இயந்திரங்கள் அதை அறையிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல வெப்பமும் கைமாறிப் போகிறது. வரிசையில் ஒருவர் நின்றுவிட்டால், அவருக்கு முன்னுள்ள அனைவர் கையிலும் வாளி தேங்கிவிடும்.

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பநிலை 40.3 டிகிரியைத் தொட்டது. பதிவு தொடங்கிய நாள்முதல் அந்நாட்டில் அதுவே முதல்முறையாக 40-ஐத் தாண்டியது. கோடையில் 40 டிகிரி பழகிப்போன நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்குள்ள குளிரூட்டும் அமைப்புகள் பல அத்தகைய வெயிலை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல. லண்டனிலுள்ள கைஸ், செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு தரவு மையங்களும் அன்று செயலிழந்தன. நோயாளிகளின் குறிப்புகளைத் திரையில் பார்க்க முடியவில்லை. மருத்துவர்கள் காகிதமும் பேனாவும் எடுத்தார்கள். சில அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. எல்லாம் சீராகப் பல வாரங்கள் பிடித்தன. அதே நாளில் லண்டனிலுள்ள கூகுள் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்றிலும் குளிரூட்டும் அமைப்பு பழுதாகிப் பணிகள் தடைப்பட்டன. வரிசையின் கடைசி ஆள் வாளியை வாங்காதபோது, முதல் ஆளான சிறு விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்று என்ன பயன்?

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் இணைய இணைப்புப் பெட்டி இருக்கிறதா? அதில் விசிறி இல்லாமலிருக்கலாம். ஆனால் மேலும் கீழும் சிறு பிளவுகள் இருக்கும். கீழ்ப் பிளவில் காற்று நுழைந்து, சூடாகி, இலேசாகி, மேல் பிளவில் வெளியேறுகிறது. உங்களுக்குத் தெரிந்த வெப்பச் சலனம்தான். அதன்மீது பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தாலோ, செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தாலோ எடுத்துவிடுங்கள். பள்ளியிலுள்ள ஸ்விட்சின் பக்கத் துளைகள் சுவரோடு ஒட்டியிருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெட்டியை நீங்களே திறக்கவோ, துளைக்குள் எதையும் நுழைக்கவோ வேண்டாம்; உள்ளே மின்சாரம் இருக்கிறது.

எங்கள் கதைக்கு முடிவு சொல்லவில்லையே! கதவுகளைக் கழற்றினோம். மேசை விசிறி ஒன்றை எதிரே வைத்தோம். மாலை 3 மணிக்குள் எல்லாம் ஓடத் தொடங்கின. ஆனால் மூன்று மாணவர்கள் அதற்குள் ஊர்ப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டிருந்தார்கள். இரவில் வெளிக் கடையொன்றில் காசு கொடுத்து விண்ணப்பத்தை முடித்தார்கள் என்று மறுநாள் அறிந்தேன். அந்தக் காசு என் அலமாரிக் கதவுக்கு அவர்கள் கட்டிய அபராதம். இப்போது அந்தப் பெட்டி கதவில்லாத இரும்புச் சட்டத்தில் நிற்கிறது. இரைச்சல் கேட்கத்தான் செய்கிறது; நான் சற்று உரத்துப் பாடம் நடத்துகிறேன்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. கதவும் சன்னலும் நன்றாக மூடிய ஓர் அறை. உள்ளே ஆள் யாரும் இல்லை. 75 வாட் கூரை விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அறை குளிருமா, சூடாகுமா? அந்த 75 வாட் எங்கே போகிறது என்று யோசியுங்கள். விடை இக்கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.